பதினோராம் தாளின் இரண்டு பக்கங்கள்

1

நான் இலண்டனுக்கு வந்து பதினெட்டு வருஷம் நிறைந்த அன்றைக்குத்தான் ஓர் அமெரிக்கர் என்னைப் பொய்யன் என்று சொல்லாமல் சொன்னார். மனைவி வசந்தி கேக் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதை வெட்டுகிற மனநிலையில் நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கிழமை நடந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் என் வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும். இங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கே அது விளங்கவில்லை. பழுதான தொலைபேசி திருத்துகிறவன் என்று நினைத்து, கலியாண வீடுகளில்கூட உடைந்த ரிசீவரைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

தென் இலண்டனில் மிச்சம் என்று ஓர் இடம். ஊரின் பெயரே அதுதான், மீதி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு கார்ப்பெற் கிடங்குக்குப் பின்னால் பதினொரு பேர் வேலை செய்யும் சோதனைக்கூடம் எங்களுடையது. தொலைபேசிக் கம்பியில் பொருத்துகிற எதையும் எங்களிடம் கொண்டுவருவார்கள். நாங்கள் அதைச் சூடாக்குவோம், குளிரில் வைப்போம், செயற்கையாக இடி விழுத்துவோம். அது தீப்பிடிக்காமல், தொட்டவர் கையைச் சுடாமல், பக்கத்து வீட்டுத் தொலைபேசியைக் குழப்பாமல் நின்றுபிடித்தால் தேறியது என்று அறிக்கை எழுதிக் கையொப்பம் இடுவேன். எண்பதில் மாணவனாக வந்து, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்துப் படித்த படிப்பு இந்தக் கையொப்பத்தில்தான் வந்து முடிந்திருக்கிறது.

உலகத்துத் தொலைபேசிக் கருவிகளையெல்லாம் சோதிக்கிற எனக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவோடு பேச வழியில்லை. அங்கே சண்டையில் தொலைபேசி வயர் அறுந்து எத்தனையோ வருஷம். கடிதம் கொழும்பு சுற்றிப் போய் ஒன்றரை மாதத்தில் கிடைக்கிறது. இதை மேற்கொண்டு எழுதினால் எழுதவந்தது நின்றுபோய்விடும். ஆகையால் விடுகிறேன்.

2

முன்பெல்லாம் எப்படி என்றால், இங்கிலாந்தில் செய்த கருவி இங்கே எங்கள் கையில் தேறிவிடும். அதை அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் பெட்டியில் போட்டு அங்கே அனுப்பி, அதே சூட்டையும் அதே இடியையும் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே செய்தது இங்கே வந்தாலும் அதே கதை. மின்சாரம் இரண்டு கரையிலும் ஒரே மின்சாரம்தான். ஆனால் ஒருத்தர் அளந்ததை மற்றவர் நம்பமாட்டார். இப்படி நான்கைந்து மாதம் போகும். அதற்குள் தைவானில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் இரண்டு புது மாதிரிகள், இன்னும் சின்னதாக, இன்னும் மலிவாகக் கடைக்கு வந்துவிடும். எங்கள் கருவி சான்றிதழோடு கரையேறும்போது அதை வாங்க ஆள் இருக்காது.

பிறகு ஒருநாள் பேப்பரில், வியாபாரப் பக்கத்து மூலையில், சின்னதாக ஒரு செய்தி. அமெரிக்காவும் ஐரோப்பாவும் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. உன் சோதனையை நான் நம்புகிறேன், என் சோதனையை நீ நம்பு என்பதுதான் சாரம். நான் அதை பஸ் தரிப்பில் நின்று வாசித்தேன். இரண்டு பஸ் என்னைக் கடந்து போனது தெரியவில்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், எனக்கு விளங்கியது ஒன்றுதான்: மிச்சத்தில் நான் போடுகிற கையொப்பம் இனி சிகாகோவிலும் செல்லும். வீட்டுக்கு வந்து வசந்தியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவள், அரசாங்கம் எதையும் நம்பும் என்று நம்பாதவள்.

"அவையள் ரெண்டு பேரும் கலியாணம் பேசினா நீங்கள் ஏன் மாப்பிள்ளை மாதிரித் துள்ளுறியள்?" என்று கேட்டாள்.

துள்ளாமல் என்ன செய்வது? அந்த நேரம் எங்கள் மேசையில் ஒரு மோடம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பியோடு பேசவைக்கிற, கையில் அடங்குகிற பெட்டி. அதன் சிப் கலிபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பனி செய்தது. அதற்குள் ஓடுகிற புரோகிராம் இங்கே இரண்டு பொடியள் எழுதியது. சோதனை எங்களுடையது. மாலை ஐந்து மணிக்கு நான் அளவுகளை ஃபக்ஸில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவேன். கலிபோர்னியாவில் அப்போது காலை ஒன்பது மணி. நான் விட்ட இடத்தில் அவர்கள் பிடிப்பார்கள். அடுத்த நாள் காலையில் நான் கோட்டைக் கழற்ற முன்பே திருத்திய வரைபடம் சுருண்டு கிடக்கும். இரண்டு சின்னக் கம்பனிகள் சூரியனைப் பங்குபோட்டு வேலை செய்தோம். அந்த வேகத்தில் தைவானை எட்டிப்பிடித்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினோம். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பாடசாலைக் காலத்துக்குப் பிறகு அப்படி ஓடி ஓடி வேலைக்குப் போனதில்லை.

ஆனால் நம்புவதற்கு முதல் வந்து பார்ப்பார்கள். எந்தச் சோதனைக்கூடத்தை நம்பலாம் என்று தீர்மானிக்க அமெரிக்காவில் இருந்து ஒருவர் வருகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் முதலாளி கெரத், வெல்ஷ்காரர், வளைத்துப் பேசத் தெரியாதவர். எங்களைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். தேறினால் ஐரோப்பா முழுவதிலும் இருந்து வேலை வரும். தேறாவிட்டால் கோடைக்கு முன்பு கதவைச் சாத்துவதைத் தவிர வழியில்லை. பதினொரு குடும்பம்.

3

வந்தவர் பெயர் ஓல்சன். ஓஹாயோக்காரர், நெட்டை, தேநீர் வேண்டாம் என்றார், ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டார். அது எங்கள் கந்தோரில் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் கருவிகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், குறித்துக்கொண்டார். கெரத்தின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மூன்று மணிபோல என் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அதைக் கேட்கட்டும் என்றுதான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நீல மையில் எண்கள், சிவப்பில் கோடு, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. இங்குள்ள அதிகாரிகள் வருஷாவருஷம் அதைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஓல்சன் பத்துப் பக்கம் புரட்டினார். பிறகு இருபது. பிறகு மூடி வைத்துவிட்டு, எத்தனை தரம் பிழை விடுவீர்கள் என்று கேட்டார். பிழையே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"நான் முப்பது வருஷம் அளந்திருக்கிறேன், மிஸ்டர் நாதன். ஒரு பக்கத்திலாவது கை தவறாத மனிதரை இன்னும் காணவில்லை" என்றார். "இது அளக்கும்போது எழுதியதல்ல."

அல்லத்தான். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அளவை முதலில் ரஃப் தாளில் எழுதுவது, பிறகு ஃபெயர் கொப்பியில் பதிவது. ஃபெயர் கொப்பியில் ஒரு வெட்டு விழுந்தால் எங்கள் பௌதிக மாஸ்டர் பக்கத்தையே கிழித்துக் கையில் தருவார். மறுபடி முழுவதையும் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் விடவில்லை. இதை என் ஆங்கிலத்தில் ஓல்சனுக்கு விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. அளந்த உடனே எழுதியது எங்கே என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார். எண்ணை யாராவது மாற்ற வேண்டுமானால் அளப்பதற்கும் அழகாக எழுதுவதற்கும் இடையில்தான் மாற்றுவார்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு விமானம். அதற்குள் மோடத்தின் மூலத் தாள்கள் வந்தால் பார்ப்பார். வராவிட்டால் கண்டதை எழுதுவார்.

கெரத்தின் காது இரண்டும் சிவந்திருந்தன. தாள்களை எறிந்துவிட்டாயா என்று கேட்டார். எறியவில்லை. எங்கள் ஆட்கள் தாளை எறிவதில்லை, தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

4

நான் ரஃப் எழுதுவது கம்ப்யூட்டர் தாளில். இரண்டு ஓரமும் துளை போட்டு, மடிப்பு மடிப்பாக வருமே, அது. ஒரு பக்கம்தான் எழுதுவேன். மறுபக்கம் பால்போல வெள்ளை. அதை வீணாக்க மனம் வராமல், ஃபெயர் கொப்பியில் பதிந்ததும் கட்டி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவேன். தேவாலய மண்டபம் ஒன்றில் நடக்கிற பள்ளி அது. பரமேஸ்வரி ரீச்சருக்குத் தாள் கிடைத்தால் வாயெல்லாம் பல். பிள்ளைகளுக்கோ ஓரத்துத் துளைப் பட்டையைக் கிழிப்பதில்தான் சந்தோஷம். தாளில் கம்பனி பெயர் ஒன்றும் இராது, மூலையில் சோதனை எண்ணும் தாளின் எண்ணும் மட்டும். மோடத்துக்குப் பதினேழு தாள்.

ரீச்சர் வீட்டுக்கு அன்றைக்கே ஓடினேன். பெற்றோர் தினக் கண்காட்சிக்கென்று பத்துத் தாளை அலுமாரியில் வைத்திருந்தார். அ, ஆ, இ, ஈ என்று பெரிய பெரிய எழுத்துகள், சிவப்புச் சரிகள். ஏன் திருப்பிக் கேட்கிறேன் என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "தம்பி, உங்கட வேலை போகுமெண்டா கண்காட்சி என்னத்துக்கு, கொண்டு போங்கோ" என்று கட்டி எடுத்துத் தந்தார். மீதி ஏழும் பிள்ளைகளோடு வீடுகளுக்குப் போய்விட்டன. பெயர்களை எழுதித் தந்தார்.

புதனும் வியாழனும் வேலை முடிந்து கதவு கதவாகத் தட்டினேன். ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே பூவோடு. ஒரு குடும்பம் போன மாதம்தான் ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறியிருந்தது. இலண்டனின் மறுகோடி. ரயிலில் போய், பிரிக்காத பெட்டிகளை அவர்களோடு சேர்ந்து பிரித்துக் கண்டெடுத்தேன். மிச்சம் சந்தியில் கடை வைத்திருக்கும் குகன், மகளின் தாளில் தடித்த பேனையால் 'முருங்கைக்காய் வந்துவிட்டது' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். அதன் முதுகில் என் எண்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, "அண்ணை, அமெரிக்கனுக்கு முருங்கைக்காய் வேணுமெண்டாலும் சொல்லுங்கோ" என்றான். வேலை வேலை என்று இரண்டு வருஷமாக நான் எட்டியும் பார்க்காத வீடுகள் அவை. எல்லோரும் தேநீர் தந்தார்கள். ஒருவராவது, உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கவில்லை.

வியாழன் மாலை பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். பதினாறு. இல்லாதது பதினோராம் தாள். அது என்ன தாள் என்று அப்போதுதான் நினைவு வந்தது.

கருவியின் உடம்பைத் தொட்டால் எவ்வளவு மின்சாரம் கைக்குக் கசியும் என்று அளந்த நாள் அது. எல்லை தாண்டிய ஓர் எண் வந்தது. மோடம் தோற்றது என்றே எழுதினேன். ஒரு மணித்தியாலம் தேடியதில், எங்கள் மேசையின் நிலக்கம்பிக் கவ்வி, எர்த் வயரைப் பிடிக்கிற கிளிப், இளகியிருந்ததைக் கண்டேன். இறுக்கிவிட்டு மூன்று தரம் அளந்தேன். மூன்றும் அருமையாக வந்தன. ஃபெயர் கொப்பியில் அந்த மூன்றை மட்டும்தான் பதிந்தேன். பிழை மேசையில்தானே, மோடத்தில் இல்லையே என்று நினைத்தேன். ஓல்சனின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தோற்றதை மறைத்தவன் என்று. பதினாறு தாள் போதாதா, ஒன்று தொலைந்துபோயிற்று என்று சொன்னால் யார் கேட்பார்கள் என்று பஸ் முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படி யோசித்ததை இங்கே ஒளிக்கவில்லை.

5

ரீச்சர் எழுதித் தந்த பட்டியலில் ஏழாவது பெயர் என் மகள் தாரணியுடையது. பதினொரு வயது. மூன்று வயதில் கிளிபோலத் தமிழ் பேசியவள். இப்போது நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு நடக்கிறது. சனிக்கிழமை காலையென்றால் வயிற்றுவலி வரும். அவளிடம் தாளைப் பற்றிப் புதன்கிழமையே கேட்டிருந்தேன். தெரியாது என்றாள்.

வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மேசையில் பதினாறையும் பரப்பி வைத்திருந்தேன். அவள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். கையில் நாலாய் மடித்த தாள்.

"அப்பா, யூ நீட் ஆல் ஒஃப் தெம்."

கணக்குப் புத்தகத்தின் உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம். பின்பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். முன்பக்கத்தை ஒருவருக்கும் காட்ட எனக்கும் விருப்பமில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். கவ்வியின் கதையைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஸோ யூ மேட் அ மிஸ்டேக், அன்ட் யூ ஆர் ஹைடிங் இட்."

"ஓம்."

"மீ டூ" என்று தாளைத் திருப்பிக் காட்டினாள்.

'எங்கள் வீடு' என்ற தலைப்பில் பத்து வசனம் எழுதச் சொல்லியிருக்கிறார் ரீச்சர். அவள் எழுதியது ஐந்து. 'எங்கள் வீடு மிச்சத்தில் இருக்கிறது. அதற்கு நீலக் கதவு. அப்பா வேலையில் மோடத்துக்கு இடி கொடுப்பார். எனக்குத் தமிழ் ஏலாது. ஆகவே நான் இத்துடன் நிறுத்துகிறேன்.' கீழே சிவப்பில், மிச்சம் ஐந்து வசனம் எங்கே என்ற கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது. இடி கொடுப்பார் என்று எழுதியிருக்கிறாளே. என் வேலை என்னவென்று இந்த இலண்டனில் விளங்கிக்கொண்ட முதல் ஆள்.

அப்பாவும் மகளும் ஒரே தாளின் இரண்டு பக்கத்தை ஒளிக்கப் பார்த்தோம் என்றால், ஒளித்தே விடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் ஒளித்ததை எடுத்துக்கொண்டல்லவா இறங்கி வந்திருக்கிறாள். குசினிக்குள் இருந்து வசந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அடுப்பில போட்டா ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். "எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும். அவ்வளவுதான்."

தாளை நீவி, பத்தாம் தாளுக்கும் பன்னிரண்டாம் தாளுக்கும் நடுவில் வைத்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலை ஓல்சன் முதலாம் தாளை எடுத்து எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு திருப்பினார். இது என்ன என்றார். பிள்ளைகளின் எழுத்து என்றேன். மூலப் பதிவில் உள்ள எந்த அடையாளமும் என்னவென்று எழுதப்பட வேண்டும், அது விதி என்றார். ஆகவே நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அம்மா, ஆடு, இலை. அவர் முகம் மாறாமல் குறித்துக்கொண்டே போனார். முருங்கைக்காய்க்கு ஆங்கிலம் வராமல் திண்டாடினேன். ஒரு நீண்ட மரக்கறி வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார். கெரத் ஐஸ் வாங்கி வைத்திருந்தார். ஓல்சன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பதினோராம் தாளில் அவர் விரல் நின்றது. எல்லை தாண்டிய எண். அது புத்தகத்தில் இல்லை. நான் எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். எழுதாமல் விட்டது என் பிழை என்றும் சொன்னேன். கெரத் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓல்சன் கவ்வியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். இளக்கச் சொன்னார். இளக்கிவிட்டு, அதே மோடத்தை வைத்து அளந்தேன். எண் அசையாமல் நின்றது. மூன்று மாதத்துக்கு முன் பென்சிலால் எழுதிய அதே எண், கடைசி இலக்கம் மட்டும் ஒன்று வித்தியாசம். இறுக்கினேன். புத்தகத்தில் இருந்த நல்ல எண் வந்தது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. என் பிழையே எழுந்து எனக்காகச் சாட்சி சொன்னது.

"மற்றப் பதினாறையும் நேற்று உட்கார்ந்து எழுதியிருக்கலாம்" என்றார் ஓல்சன். "இதை ஒருவரும் இட்டுக்கட்ட மாட்டார்கள்."

பிறகு அவர் தாளைத் திருப்பினார். நான் மகளின் ஐந்து வசனத்தையும் மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதினார். நான்காவது வசனத்தை, எனக்குத் தமிழ் வராது என்பதை, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இது எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் என்றேன். பேனையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார்.

கடிதம் வர மூன்று கிழமை பிடித்தது. கெரத் அதைக் கதிரையில் ஏறி நின்று வாசித்தார். எங்கள் சோதனைக்கூடம் ஏற்கப்பட்டிருக்கிறது. இனி மூலத் தாள்களைத்தான் வைத்திருக்க வேண்டும், ஃபெயர் கொப்பி எழுதக் கூடாது என்று ஒரு கட்டளை. அதைக் கேட்டுப் பத்துப் பேரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். மோடம் அடுத்த மாதமே அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது, தைவானின் புது மாதிரி வருவதற்கு முதலே. தமிழ்ப் பள்ளிக்குக் கெரத் தன் செலவில் ஒரு பெட்டி வெள்ளைத் தாள் அனுப்பினார்.

கடிதத்தோடு பதினேழு தாள்களுக்கும் குறிப்பு இணைத்திருந்தார்கள். பதினோராம் தாளின் பின்பக்கத்துக்கு நேரே, ஓல்சனின் கையெழுத்தில், ஒரு வரி. நான்காவது கூற்று சான்றுக்கு முரணானது, ஏற்கப்படவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாரணியிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ?"

"இல்லை. நான்தான் சொன்னனான்."

"அப்ப எப்பிடி அவர் எனக்குத் தமிழ் ஏலும் எண்டு சொல்லலாம்? அவருக்கு என்ன தெரியும்? நான் எழுதினது அஞ்சு வசனம் மட்டும்தான்."

அவர் அளக்கிறவர், அளந்ததைத்தான் சொல்லியிருக்கிறார் என்றேன். அது அளவே இல்லை, ரீச்சரைக் கேட்டுப் பாருங்கோ என்றாள். அந்த அமெரிக்கர் சொன்னது பிழை என்று அரை மணித்தியாலம் என்னோடு சண்டை பிடித்தாள், முழுக்கத் தமிழில்.